இரண்டாவது கியரும் எசென்குலும்

மைத்துனியின் குழந்தைக்குத் தொட்டில் விருந்து என்பதற்காக எந்த ஆண்மகனும் உலாக் குதிரைப் போட்டியை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று எசென்குல் தீர்மானித்தான். அதை மனைவியிடம் சொல்லத்தான் தைரியம் இல்லை.

ஆகவே ஜிபார் பால் கறக்கப் போனதும், பழைய ரஷ்யக் காரின் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றிக் கூடாரத்துக்குள் கொண்டுபோனான். கூரை தொட அடுக்கியிருந்த மெத்தைகளுக்கு நடுவே செருகினான். அந்த அடுக்கில் ஒட்டகமே ஒளிந்தாலும் தெரியாது.

இனி கார் கிளம்பாது. மெக்கானிக்கைக் கூட்டிவருகிறேன் என்று குதிரையேறினால் நேரே மைதானம். ஆட்டுடலைப் பறிக்கக் குதிரைகள் முட்டிமோதும்போது முதல் வரிசையில் எசென்குல்!

குதிரைக்குச் சேணம் கட்டிவிட்டு வந்து, மனைவிக்கு எதிரிலேயே கார்ச் சாவியைத் திருகினான். மூச்சே இல்லை.

"போச்சு ஜிபார். ஸ்டார்ட்டர் செத்துப்போச்சு."

"அடப்பாவமே! இறக்கத்துலதானே நிக்குது? தள்ளிப் பார்ப்போம்."

"நீ தள்ளி இது நகருமா?"

"நான் எதுக்குத் தள்ளணும், சிங்கம் மாதிரி நீங்க இருக்கும்போது? நான் உள்ள உட்கார்றேன்."

"கிளட்ச் எது, பிரேக் எதுன்னு தெரியுமாடி உனக்கு?"

"ஏதோ ஒண்ணை மிதிக்கிறேன்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு தள்ளினான். கார் நழுவியது. வேகம் பிடித்தது. ஓடையை நோக்கிச் சத்தமில்லாமல் உருண்டது. எசென்குல் பின்னாலேயே ஓடினான். "பிரேக்! பிரேக்!" என்று அலறினான்.

ஒரு குலுக்கல். ஒரு இருமல். பிறகு பள்ளத்தாக்கே அதிரும் உறுமல்!

பனிமலைகளின் கீழே, பச்சைப் புல்வெளியில், கார் அழகாக ஒரு வட்டமடித்துத் திரும்பி வந்தது. எசென்குல் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். ஏன் கழற்றினான் என்று அவனுக்கே தெரியவில்லை. பன்னிரண்டு வருடத்தில் ஒரே தள்ளில் அவன் அதைக் கிளப்பியதில்லை.

"யாருடி கத்துக்கொடுத்தா?"

"நீங்கதான். பக்கத்துல உட்கார்ந்து எத்தனை தடவை பார்த்திருக்கேன்? முதல் கியர்ல கிளட்சை விட்டு மூக்கை இடிச்சுக்குவீங்க. நான் ரெண்டாவதுல விட்டேன். ஏறுங்க, எஞ்சின் நின்னுடப் போவுது."

கடைசியாக ஒருமுறை முயன்றான். "நீ போய்ட்டு வா. நான் இங்கேயே இருந்து அந்த ஸ்டார்ட்டரைச் சரிபண்ணி வைக்கிறேன்."

"எப்படிங்க முடியும்?" என்றாள் ஜிபார். "தொட்டில் விருந்துக்குக் கொடுக்க வேண்டிய மெத்தையை எல்லாம் நீங்க குதிரைக்குச் சேணம் கட்டும்போதே டிக்கியில ஏத்திட்டேன். உங்க ஸ்டார்ட்டரும் அந்த மெத்தைக்குள்ளதான் இருக்கு."