சின்ன வூட்டு இளவரசர்

"அந்தப் பேர இன்னொரு வாட்டி சொல்லு."

"கில்டன்லோவே," என்றாள் கோகிலவாணி, செல்போனைப் பார்த்தபடி.

அவள் கணவன் ஜீவானந்தம் காவலூரில் வீட்டு மாடியில் இரண்டு அறை கட்டி, ஆன்லைனில் வாடகைக்கு விட்டிருந்தான். முதன்முதலாக ஒருவர் புக் செய்திருந்தார். ஜி. கில்டன்லோவே.

கோகிலவாணி இணையத்தில் தேடினாள். "ஏங்க! அந்தக் காலத்துல டென்மார்க் ராஜாங்க தங்களோட புள்ளைங்களுக்கு வச்ச பேரு இது. தங்கச் சிங்கம்னு அர்த்தமாம்."

அவ்வளவுதான். ஜீவானந்தம் ஊராட்சித் தலைவர் புருஷோத்தமனிடம் ஓடினான். பம்பை மேளத்துக்குச் சொல்லியாயிற்று. தெருமுனையில் ஃபிளெக்ஸும் எழுந்தது: 'டென்மார்க் இளவரசரே வருக!'

விருந்தாளி வரும் நாள் காலையில்தான் கோகிலவாணி மீதியைப் படித்தாள்.

"ராணிக்குப் பொறந்த புள்ளைங்களுக்கு இந்தப் பேரு இல்லியாம்ங்க. ராஜா கல்யாணம் கட்டாத பொம்பளைங்களுக்குப் பொறந்ததுங்களுக்குத்தானாம்."

"இத அப்பவே படிச்சிருக்கக் கூடாதா?"

"நீங்க எங்க படிக்க வுட்டீங்க?"

மறுபடி ஓடினான். "தலைவரே, இளவரசர்ங்கறத மட்டும் எடுத்துடுங்க."

"ஏன், இன்னா விஷயம்?"

காதோடு சொன்னான். தலைவர் பதறிப்போனார். "தப்பா போட்டா எம்மேலதாம்பா கேஸு வரும். திருத்திடறேன்."

திருத்தினார். 'டென்மார்க் ராஜாவின் சின்ன வூட்டுப் பிள்ளையே வருக!'

ஜீவானந்தம் அலறினான். "ஐயோ, இன்னாங்க இது?"

"வெள்ளைக்காரருக்குத் தமிழ் படிக்கவா வரப்போவுது? வுடுப்பா."

மனசு கேட்கவில்லை. ஏணி போட்டு ஏறி ஃபிளெக்ஸைப் பிடித்து இழுத்தான். மேல்பாதி கிழிந்து கையோடு வந்தது. கீழே நின்றது, 'சின்ன வூட்டுப் பிள்ளையே வருக!'

அதே நேரம் பம்பை முழங்கியது. கார் வந்து நின்றது.

வேட்டி கட்டிய ஒருவர், கையில் நாயைப் பிடித்தபடி இறங்கினார். தலைவர் திருதிருவென்று விழித்தாலும் கையிலிருந்த மாலையை அவர் கழுத்தில் போட்டுவிட்டார். வந்தவர் நிமிர்ந்து, ஃபிளெக்ஸைத் தடங்கலின்றிப் படித்தார்.

"யாருங்க சின்ன வூட்டுப் புள்ள?"

ஏணி மேலிருந்து ஈனக்குரல் வந்தது. "நீங்க... கில்டன்லோவே..."

"நான் கண்ணமங்கலம் கோபால்சாமிங்க. சர்நேம் இல்லாம புக் ஆவாதுன்னுச்சு. நமக்கு ஏதுங்க அதெல்லாம்? இந்த நாய்ப்பய பேரப் போட்டேன். டென்மார்க்ல இருக்கற எம்பொண்ணு வச்ச பேரு."

மாலையைக் கழற்றி நாயின் கழுத்தில் மாட்டினார்.

"தெருவுல கெடச்சவன்ங்க இவன். அப்பன் யாருன்னே தெரியாது. இவனுக்குன்னா சரியாத்தான் எழுதியிருக்கீங்க!"