தொட்டியைக் கலக்கிய நாலு நாள்

சோதனைப் பட்டை மறுபடியும் பச்சையாகத்தான் மாறியது.

துஷ்யந்தி தண்ணீர் மொண்ட போத்தலைக் கழுவப் போட்டாள். எஹலியகொடைக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், பெக்டரிக் கழிவுநீர்த் தொட்டிக்குப் பொறுப்பு அவள்தான். ரப்பர் பால் உறையாமலிருக்க ஊற்றுகிற அமோனியா எல்லாம் கடைசியில் அந்தத் தொட்டிக்குத்தான் வந்து சேரும். உள்ளே இருக்கிற நுண்ணுயிர்கள் அதைத் தின்று நைட்ரேட்டாக்க வேண்டும். தின்றால் பட்டை மஞ்சளாகவே இருக்கும், தின்னாமல் அமோனியா மிஞ்சினால் பச்சை; மிஞ்ச மிஞ்ச நிறம் கூடும். வெள்ளிக்கிழமை கழிவுநீரைச் சோதிக்கச் சுற்றாடல் அதிகாரி வருகிறார். அன்றைக்கும் பச்சை என்றால் பெக்டரியைப் பூட்டிவிட்டுத்தான் போவார். இன்று திங்கள்.

"அண்ணே, நம்ம பிள்ளைங்க சாப்பிட மாட்டேங்குதுங்க," என்றாள் மோட்டர் பார்க்கிற ஏழுமலையிடம். நுண்ணுயிர்களை அவள் அப்படித்தான் சொல்வாள்.

"ஏனாம்? கோவமா?"

"காத்து பத்தல போல. கலக்குற மோட்டர் வேகத்தக் கூட்டுங்க. மூலை முடுக்கெல்லாம் காத்து போனாத்தான் அதுங்களுக்கு வேலை ஓடும்."

ஏழுமலை தாராளமாகவே கூட்டினார். செவ்வாய் காலையில் தொட்டியிலிருந்து நுரை பொங்கி வழிந்து, பாதையைத் தாண்டி, தோட்டத் துரையின் ஜீப்பைப் பாதி மூடியிருந்தது.

"யாருக்கு பர்த்டே?" என்று கேட்டார் துரை. முகத்தில் சிரிப்பில்லை.

துஷ்யந்தி தன் போத்தலில் தண்ணீரை மொண்டு பார்த்தாள். கொத்துக் கொத்தாகச் சேர்ந்திருக்க வேண்டிய சேறு, பொடிப்பொடியாக உடைந்து மிதந்தது. பட்டை கரும்பச்சை.

"ரொம்ப ஆட்டிட்டோம்ணே. பிள்ளைங்க கூட்டம் கலைஞ்சு போச்சு. கொறைங்க."

"தாலாட்டுற அளவுக்கா?"

"அதுக்கும் கீழ."

புதன்கிழமை சேறு மொத்தமும் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. காற்றுப் படாத மூலைகளிலிருந்து அழுகின முட்டை வாடை கிளம்பியது. பால் வெட்டப் போனவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பாதி மலையிலிருந்தே திரும்பினார்கள். பட்டையோ கரும்பச்சையையும் தாண்டி நீலம் காட்டியது. டப்பாவில் அச்சடித்திருந்த நிறங்களில் அப்படி ஒரு நீலமே கிடையாது.

வியாழக்கிழமை, படுத்த சேற்றை எழுப்ப எட்டுப் பேர் மூங்கில் கழியோடு தொட்டியைச் சுற்றி நின்றார்கள். யாரோ தப்பு கொண்டுவந்து தட்ட, தாளத்துக்குத் தாளம் கிண்டினார்கள். வேலை திருவிழாவாகிவிட்டது. உற்சாகத்தில் ஏழுமலை ஒரு சுற்று ஆடப்போய், வழுக்கி இடுப்பளவு தொட்டிக்குள் இறங்கினார்.

"பிள்ளைங்க நல்லா இருக்குதுங்களாண்ணே?" என்றாள் துஷ்யந்தி, சிரிப்பை அடக்க முடியாமல்.

"என்னையே தின்னப் பாக்குதுங்க! இதுங்களுக்கா பசி இல்லங்கிற?"

பட்டை இன்னும் நீலம். துஷ்யந்தி கையை உதறினாள். "பழைய வேகத்துலயே வெச்சிருங்க. நடக்கிறது நடக்கட்டும்."

வெள்ளிக்கிழமை சுற்றாடல் அதிகாரி ஸில்மியா குடையும் பெட்டியுமாக வந்து இறங்கினார். தன் பெட்டியிலிருந்து ஒரு போத்தலை எடுத்து, தொட்டித் தண்ணீரை மொண்டு, பட்டையை நனைத்தார். துஷ்யந்தி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"மஞ்சள்."

திறந்து பார்த்தாள். எலுமிச்சம்பழ மஞ்சள்!

"அருமையா வெச்சிருக்கீங்க. இந்தப் பக்கம் நான் பாத்ததுல இதுதான் நல்ல தொட்டி," என்றார் ஸில்மியா.

ஏழுமலை துள்ளிக் குதித்தார். தப்பு முழங்கியது. துரைகூடப் பல்லைக் காட்டினார். துஷ்யந்திக்கு மட்டும் மனசு ஆறவில்லை. தன்னுடைய வழக்கமான போத்தலில் அதே இடத்துத் தண்ணீரை மொண்டு, இன்னொரு பட்டையை நனைத்தாள்.

நீலம்.

தப்பு நின்றது. ஸில்மியா அந்தப் போத்தலை வாங்கி முகர்ந்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"யார் இதக் கழுவுறது?"

பாத்திரம் கழுவுகிற மூக்காயி, பாராட்டு வாங்குகிற பெருமையோடு முன்னால் வந்தாள்.

"நாந்தாங்க மிஸ்! பால் வாளி கழுவுற மாதிரியே அமோனியா விட்டுத்தாங்க கழுவுவேன். ஆனா நம்ம துஷ்யந்திப் பிள்ள மொகம் வாடிக்கிட்டே வந்துச்சுங்களா, போத்தல் இன்னும் சுத்தம் பத்தலையோன்னு தெனமும் கூடக் கொஞ்சம் ஊத்துனேங்க!"