அறுபது மில்லிமீட்டர் உண்மை

அன்று பெரம்பலூர் இயந்திர வரைபடப் பயிற்சி மையத்தில் இருந்தவர்கள் நால்வர்: அரியலூரிலிருந்து ஆய்வுக்கு எழுந்தருளிய துணை ஆய்வாளர் திரு. ராஜராஜன், ஒப்பந்தம் இம்மாதத்தோடு முடியவிருந்த பயிற்றுநர் அம்பிகா, பூலாம்பாடி லேத் பட்டறைக்காரர் நடராசன், உடையார்பாளையத்து மாணவி நர்மதா. மேசைமேல் இரண்டாக உடைந்த கப்ளிங் ஒன்றும், பின்கட்டில் மூன்று வாரமாக ஓடாத தண்ணீர் மோட்டார் ஒன்றும் இருந்தன. வருகைப் பதிவேட்டில் அவற்றுக்கு இடமில்லை.

கப்ளிங் என்பது மோட்டாரின் தண்டையும் பம்பின் தண்டையும் பிணைக்கும் இரும்பு வட்டு. உடைந்ததையே தேர்வுப் பொருளாக்கியது மையம். மாணவி கணினியில் வரைவாள், நடராசன் கடைவார், குழாயில் தண்ணீர் வரும். ஒரு திட்டத்தில் இவ்வளவு அறிவு கலந்துவிட்டால் மேலிடத்துக்கு ஐயம் வருவது இயல்பே, ஆய்வாளர் வந்தார்.

நர்மதா முதல் மாதத்தில் வரைந்த படங்களில் அளவுகள் எறும்புச் சாரிபோல் ஊர்ந்தன. ஒரே நீளத்தை மூன்று இடத்தில் குறிப்பாள். அம்புக்குறிகள் ஒன்றையொன்று குத்திக்கொண்டு நிற்கும். அம்பிகா கண்டிப்பாகத் திருத்தினாள். ஓர் அளவை ஓரிடத்தில் மட்டும் சொல். கடைபவருக்கு வேண்டியதைச் சொல். கணினி அளந்து காட்டும் எண்ணை அழித்துக் கையால் வேறெண் எழுதாதே, அது பொய்ச்சாட்சி. இப்போது நர்மதாவின் படத்தில் ஏழே அளவுகள். வெளிவிட்டம் நூற்றிருபது மில்லிமீட்டர், நடுத்துளை இருபத்தெட்டு. காகிதம் சிறியது, ஆகவே பாதி அளவில் அச்சிட்டு, அவ்விவரத்தை மூலையில் முறைப்படி குறித்திருந்தாள். அதில் கையெழுத்தானால் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால் திங்கட்கிழமை அரியலூர்ப் பட்டறை ஒன்றில் வரைவாளர் வேலை. இல்லையேல் அடுத்த ஆய்வு ஆறு மாதம் கழித்து.

ராஜராஜன் சட்டைப்பையிலிருந்து பிளாஸ்டிக் அளவுகோலை எடுத்துக் காகிதத்தின்மேல் வைத்தார்.

"நூத்திருவதுன்னு போட்டிருக்க. அறுபதுதானேம்மா இருக்கு."

"பாதி அளவுல அச்சு எடுத்தது சார். மூலையில போட்டிருக்கேன் பாருங்க."

"மூலையில போட்டா சரியாப் போச்சா? அரசாங்கக் காகிதம் நடுவுலயும் உண்மை பேசணும்."

"சார், உங்களுக்குப் பின்னால மேப் மாட்டியிருக்கு. பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவுல மூணு விரல் அகலந்தான் இருக்கு. நீங்க ஒரு மணி நேரம்ல வந்தீங்க?"

ராஜராஜன் திரும்பிப் பார்த்தார். "அது வருவாய்த் துறை மேப். அவங்க துறையில நாம தலையிடக் கூடாது."

நர்மதா அம்பிகாவைப் பார்த்தாள். அம்பிகா ஒப்பந்தப் புதுப்பிப்புப் படிவத்தைப் பார்த்தாள்.

"சார் சொல்றதும் ஒரு வகையில சரிதான். கம்ப்யூட்டர்ல அந்த எண்ணு மேல ரெண்டு தட்டு தட்டி அறுபதுன்னு அடிச்சிடும்மா."

"மேடம், அது பொய்ச்சாட்சின்னு..."

"அது பாடம். இது ஆய்வு."

நர்மதா திங்கட்கிழமையை நினைத்தாள், தட்டினாள், ஏழு அளவுகளும் பாதியாயின, படம் மறுபடி அச்சானது. ராஜராஜன் படத்தில் ஒப்பமிட்டு நடராசனிடம் நீட்டினார்.

நடராசன் உடைந்த கப்ளிங்கில் வெர்னியர் அளவியை வைத்துப் பார்த்தார். "சார், பழசு நூத்திருவது இருக்குதுங்க."

"பழசு என்னாச்சு?"

"ஒடஞ்சு போச்சுங்க."

"ஏன் ஒடஞ்சுச்சு? அளவு தப்பு. ஒப்பம் வாங்கின படத்துப்படி கடைஞ்சு கொண்டாங்க."

மதியம் நடராசன் திரும்பி வந்தார். புதிய கப்ளிங் குங்குமச் சிமிழ்போல் பளபளத்தது. அளவுகோல் வைக்கப்பட்டது, பொருளும் காகிதமும் இம்மியும் பிசகாமல் ஒத்துப்போயின. பின்கட்டுக்குக் கொண்டுபோனார்கள். மோட்டாரின் தண்டு அதனுள் நுழைய மறுத்தது.

"சார், தண்டு பெருசா இருக்குதுங்க" என்றார் நடராசன்.

"அப்ப தப்பு யாரு மேல?"

நடராசன் வெர்னியரைத் துடைத்துப் பையில் வைத்தார்.

"மோட்டார் மேல" என்று ராஜராஜனே தீர்ப்பளித்தார். தண்டு அனுமதிக்கப்பட்ட அளவைக் காட்டிலும் இருமடங்கு பருத்திருப்பதாகவும், பாதி அளவு மோட்டார் ஒன்று வழங்கப்படலாம் எனவும் ஆய்வுப் பதிவேட்டில் எழுதினார். கை ஓடிய வேகத்தில் பொது ஆணை ஒன்றும் பிறந்தது: "இனி இம்மையத்தில், காகிதத்தில் இடம்பெறும் எதுவும் அதன் மெய்யான அளவிலேயே இருத்தல் வேண்டும். மாறுபட்டவை செல்லா." ஒப்புக்கொண்டதற்கு அடையாளமாக அம்பிகா கையெழுத்திட்டாள், நடராசன் தம் பணி முடிந்ததற்கான கையெழுத்து என்றெண்ணி இட்டார், நர்மதா படித்துப் பார்த்தே இட்டாள்.

பிறகு சான்றிதழை எடுத்தார். பேனாவைத் திறந்தார். ஒட்டியிருந்த புகைப்படத்தில் கண் நின்றது. அளவுகோல் மறுபடி வெளியே வந்தது.

"மொகம் ரெண்டு சென்டிமீட்டர்."

"பாஸ்போர்ட் சைஸ் சார்."

"உன் மொகம் ரெண்டு சென்டிமீட்டரா?"

"இல்லீங்க சார்."

"அப்ப இது செல்லாது. நீயே கையெழுத்துப் போட்டிருக்க பாரு. முழு அளவுல போட்டோ எடுத்து ஒட்டி, அடுத்த ஆய்வுக்குக் கொண்டா."

அம்பிகா சுவரிலிருந்த மேப்பைப் படிக்கத் தொடங்கினாள். ஒரு பொய்யை ஏழு இடத்தில் அடித்துக் கொடுத்து வாங்கிய திங்கட்கிழமை, இரண்டு சென்டிமீட்டரில் கைநழுவிப் போவதை நர்மதா பார்த்தாள். அழவில்லை. மூன்று மாதப் பயிற்சி வீண்போகவில்லை, அளக்கக் கற்றிருந்தாள்.

"சார், அந்த அளவுகோலக் கொஞ்சம் கொடுங்க."

கொடுத்தார். அவர் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையின்மேல் அதை வைத்தாள்.

"ஒன்றரை சென்டிமீட்டர் சார்."

"என்னது?"

"உங்க மொகம். இந்த அட்டையப் பாத்துதான் மேடம் உங்கள உள்ள விட்டாங்க."

நடராசன் எட்டிப் பார்த்தார். "ஒன்றரைதாங்க. கூட ஒரு நூல் இருக்கும்."

ராஜராஜனை என்ன குறை வேண்டுமானாலும் சொல்லலாம். கொள்கையிலிருந்து நழுவியவர் என்று மட்டும் சொல்ல முடியாது. அளவுகோலை வாங்கித் தாமே ஒருமுறை வைத்துப் பார்த்தார். பதிவேட்டைத் திறந்து தம் ஆணையை மெல்ல வாசித்தார். குறுக்கே அடிக்கலாமா என்று பேனா ஒருகணம் தயங்கியது. அடித்தால், அட்டையே செல்லாதபோது அடிக்கும் அதிகாரி யார் என்ற கேள்வி எழும்.

"சார், என்னோட படிவத்துலயாவது ஒரு கையெழுத்து" என்றாள் அம்பிகா. அதிலும் அவளுடைய புகைப்படம் ஒட்டியிருந்தது.

அவர் கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றினார். கையெழுத்தாகாத சான்றிதழுக்கும் குங்குமச் சிமிழ் கப்ளிங்குக்கும் நடுவில் அதை வைத்தார். அளவுகோலை மட்டும் சட்டைப்பையில் செருகிக்கொண்டு வெளியே நடந்தார்.