பின்னறைத் தனிக்குடித்தனம்

இனி பின்னறைதான் தன் வீடு, சோறும் தூக்கமும் அங்கேதான், மனைவியோடு ஒரு வார்த்தை கிடையாது என்று பேரக்காரர் முடிவெடுத்தபோது வெளியே மழை அழுதுகொண்டிருந்தது.

கடைத்தெருவில் அவருக்கு அந்தப் பெயர்தான். பழைய மெஷின்களை வாங்கி விற்றவர். சொன்ன விலைக்கு எதையும் வாங்கியதில்லை. ஆனால் கடையிருந்த கட்டடத்தை இடிக்க வந்தவர்களிடம் அந்த வாய் எடுபடவில்லை. மிச்சச் சரக்கு வீட்டுப் பின்னறைக்கு வந்தது. கூடவே அவரும் வந்தார். சரக்காவது சும்மா கிடந்தது. இவர் கூடத்தில் உட்கார்ந்து, மனைவியிடம் தைக்கத் துணி கொண்டு வருகிறவர்களை முறைத்துக்கொண்டிருந்தார்.

"அந்த ரூமைக் காலி பண்ணிக் குடுங்க. தையல் மெஷினை அங்க போட்டுக்கறேன். கூடத்துல வெளிச்சமே இல்ல."

"அதுல இருக்கறது என் கடை."

"கடையா? துரு. எலிகூட எட்டிப் பார்த்துட்டுத் திரும்பிப் போகுது."

அந்த எலிதான் அவரைக் கடித்தது. வேலையற்றவனை எலிகூட மதிக்கவில்லை என்று அவர் காதில் விழுந்தது.

"இனிமே நான் அந்த ரூம்லதான். நீயா வந்து பேசற வரைக்கும் பேசமாட்டேன்."

"சரிங்க" என்றாள்.

எதிராளி சட்டென்று ஒத்துக்கொண்டால் ஏதோ இடிக்கிறது என்பது வியாபாரத்தில் அவருக்கு அத்துப்படி. கோபத்தில் அது உறைக்கவில்லை.

குடியேற இடம் வேண்டுமே. துருவேறிய சாமான்களை மார்போடு அணைத்துத் தூக்கி வாசலுக்குக் கொண்டு வந்தார். பழைய இரும்புக்காரன் கேட்ட விலைக்கே கொடுத்தார். வாழ்க்கையில் முதல்முறையாகப் பேரம் பேசவில்லை. வண்டி தெருமுனை திரும்பும்வரை நனைந்துகொண்டே நின்றார். ஒரே ஒரு டிரில் மெஷினை மட்டும் வைத்துக்கொண்டார். அது சட்டை துணி வைக்க ஒரு பலகை அடிக்க.

பலகை, பீரோவுக்குப் பின்னால் தயாராகச் சாய்ந்திருந்தது. அளவாக அறுத்து, இழைத்தும் இருந்தது. நம் நல்ல நேரம் என்று எண்ணிக்கொண்டார்.

ஸ்டூலைப் பிடிக்கப் பக்கத்து வீட்டிலிருந்து கண்டக்டர் வந்தார். பஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஆனாலும் குரலுக்கு ஓய்வு கொடுக்கவில்லை. பேரக்காரர் டிரில்லின் விசையை அழுத்தினார். சத்தமே இல்லை.

"கரண்ட் இல்லய்யா."

கூடத்திலிருந்து குரல் வந்தது. "அண்ணே, அவர் தலைக்கு மேல ஃபேன் சுத்துதுன்னு சொல்லுங்க."

"தலைக்கு மேல ஃபேன் சுத்துதாம்" என்றார் கண்டக்டர்.

"எனக்கும் காது இருக்கு. பிளக் பாயின்ட் செத்துப் போச்சுன்னு அவகிட்ட சொல்லு."

"அதுலதான் காலையில இஸ்திரி போட்டேன். பிடிகிட்ட ஒயரை வளைச்சுப் பார்க்கச் சொல்லுங்கண்ணே. என் தையல் மோட்டாருக்கும் அதே சீக்குதான் வந்தது."

வளைத்தார். டிரில் ஒரு தும்மல் போட்டு அடங்கியது. உள்ளே கம்பி அறுந்திருந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அறுந்த துண்டை வெட்டியெறிந்து, மீதியை மாட்டினார். மலிவாகக் கிடைத்ததென்று குட்டை ஒயரோடு வாங்கிய டிரில் அது. இப்போது ஜன்னலோரச் சுவரைத் தவிர வேறெங்கும் எட்டவில்லை.

"ஜன்னலோரமே இருக்கட்டும். காத்து வரும்" என்றார் கெத்தாக.

கூடத்தில் கத்தரிக்கோல் ஓடும் சத்தம் கேட்டது.

டிரில் ஓடியது. ஓடிய வேகத்தில் அதன் வயிற்றுக்குள் தீபாவளி போல் பொறி பறந்தது. பிறகு முனகி நின்றது.

"மோட்டார் உள்ள இருக்கற கார்பன் கட்டை தேய்ஞ்சிருக்கும்" என்றது கூடம். "என் பொத்தான் டப்பாவுல ஒரு ஜோடி இருக்கு. டிரில் வாங்கினா இனாம்னு சொல்லிட்டு, வாங்கினவங்களுக்குக் குடுக்காம சட்டைப் பையில கொண்டு வந்தாரே, அது. துவைக்கும்போது எடுத்து வச்சேன்."

கண்டக்டர் வாயைப் பொத்திக்கொண்டு போய் டப்பாவை எடுத்துவந்தார்.

புதுக் கார்பனில் டிரில் கர்ஜித்தது. பேரக்காரர் உடம்பு மொத்தத்தையும் அதன்மேல் சாய்த்தார். சுவரில் பொட்டு வைத்த அளவுக்குத்தான் குழி விழுந்தது. முனை கறுத்துப் புகைந்தது. அவர் முகமும்.

"கட்டினவன் சுவரா கட்டியிருக்கான்? மலையைக் கொண்டு வந்து நிறுத்தியிருக்கான்."

"அண்ணே, அது எந்தப் பக்கம் சுத்துதுன்னு பார்க்கச் சொல்லுங்க."

பார்த்தார். விசைக்கு மேலிருந்த சின்னப் பொத்தான் ரிவர்ஸில் இருந்தது. இத்தனை நேரம் டிரில் பின்பக்கமாகச் சுற்றிச் சுவரைத் தடவிக் கொடுத்திருக்கிறது. ஊருக்கெல்லாம் டிரில் விற்றவர் தன் கையால் ஒரு ஓட்டையும் போட்டதில்லை என்பது அன்றுவரை வெளியே தெரியாது. அவர் ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டார். கடை இடிந்த அன்றுகூட இப்படி உட்காரவில்லை.

"விடுய்யா. நானும் ரிவர்ஸ்ல விசில் குடுத்து பஸ்ஸைச் சுவத்துல ஏத்தினவன்தான்" என்றார் கண்டக்டர்.

பொத்தானை மாற்றியதும் வேலை வெண்ணெயாக முடிந்தது. பலகை ஏறியது. கண்டக்டர் போன பிறகு பேரக்காரர் சுவர்த்தூசி போகக் குளித்துவிட்டு, தலையணை எடுக்கக் கூடத்துக்குப் போனார். பீரோவின் அடித்தட்டிலிருந்து அதை உருவிக்கொண்டு திரும்பினால், பலகை நிறைய நூல்கண்டுகள். அடியில், ஜன்னல் வெளிச்சத்தில், தையல் மெஷின். அவள் முக்காலியில் உட்கார்ந்து துணியை நீவிக்கொண்டிருந்தாள். பலகை அவள் கைக்கு எட்டும் உயரத்தில் கச்சிதமாக இருந்தது.

"என் தலையணையை எங்கடி வைக்கறது?"

சொன்ன பிறகுதான், முதலில் பேசியது தான் என்று அவருக்குப் புரிந்தது.

"எப்பவும் போல கூடத்துலதாங்க." அவள் நிமிரவில்லை. "பலகையைப் போன மாசமே அறுத்து வச்சேன். கேட்டா அடிச்சிருக்க மாட்டீங்க."

அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மழை விட்டபாடில்லை.

"நாளையிலேருந்து இங்க வந்து உட்காருங்க" என்றாள். "எல்லாரும் கூலியைக் குறைக்கறாங்க. எனக்குப் பேசத் தெரியல."

அன்றிரவு கூடத்தில் அவருக்குத் தூக்கம் வரவில்லை. ஆனால் இது வேறு மாதிரி வராமை. காலையில் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டார். கடை மூடிய பிறகு அதுதான் முதல் தடவை. முதல் வாடிக்கைக்காரி ஜாக்கெட் துணியோடு வந்தாள். பேரக்காரர் தொண்டையைச் செருமி, கையை உயர்த்தி, வாயைத் திறந்தார்.

"இவங்ககிட்ட நேத்தே பேசியாச்சுங்க" என்றாள் மனைவி. "நீங்க அந்த ஊசியில நூலைக் கோருங்க. எந்தப் பக்கமிருந்துன்னு கேட்டுட்டுக் கோருங்க."