கடைக்காரர் வீட்டுக் கதவு

கதவு திறக்கவில்லை.

கடைக்காரர் செருப்பு மாட்டி, சாப்பாட்டுப் பையைத் தோளில் போட்டு, தேநீரை நின்றபடியே குடித்து முடித்துத் தயாராகிவிட்டார். கதவுதான் தயாராகவில்லை. பிடியைத் திருப்பினார். இழுத்தார். தோளால் இடித்தார். தோள் வலித்ததுதான் மிச்சம். கதவின் நடுநெஞ்சில் ஒரு சிவப்பு விளக்கு, 'அப்படி என்ன அவசரம்?' என்பதுபோல் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"ஏம்மா, இந்தக் கதவு என்ன சண்டித்தனம் பண்ணுது?"

"புதுசில்லையா, பழகணும்" என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து. "இந்த வீட்டுக்கு வந்த புதுசுல நான்கூட அப்படித்தான் இருந்தேன்."

அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். தெரு விழிக்குமுன் போவார், தெரு அடங்கியபின் வருவார். விடுமுறை நாளில்கூட 'சும்மா ஒரு எட்டுப் பார்த்துட்டு வந்துடறேன்' என்று கிளம்பினால், அந்த ஒரு எட்டு முடிய இருட்டிவிடும். தெருவே அவரைக் கடைக்காரர் என்றுதான் கூப்பிட்டது. மனைவியும் அப்படித்தான். "எல்லாரும் புருஷனை வீட்டுக்காரர்னு சொல்றாங்க. நான் எதுக்குப் பொய் சொல்லணும்?" என்பாள்.

போன மாதம் பக்கத்துக் கடையின் பூட்டை யாரோ உடைத்துவிட்டார்கள். அன்று முதல் கடைக்காரருக்குத் தூக்கம் போயிற்று. கணவனும் மனைவியுமாகக் கதவு விற்கும் இடத்துக்குப் போனார்கள். விற்பதும் பொருத்துவதும் ஒரே ஆள்தான். அந்தக் கதவுக்காரர் கதவைத் தட்டிக் காட்டாமல் அதைச் சுற்றியிருந்த நிலையைத் தட்டிக் காட்டினார்.

"கதவு யானையா இருந்தாலும் நிலை ஆடினா, திருடன் நிலையோட பேத்துத் தள்ளிடுவான் சார். இது நாலு பக்கமும் நிலைக்குள்ள தாழ் இறங்கற கதவு. கீல் வெளியே தெரியாது. இதுல நேரப்பூட்டும் இருக்கு. குறிச்ச நேரம் வரைக்கும் சாவி போட்டாலும் திறக்காது. இன்னொண்ணு கொஞ்சம் லேசு, காலிங் பெல்லோட வரும். வீட்டுக்கும் கடைக்கும் ஒவ்வொண்ணு. எது எங்கேன்னு முடிவு பண்ண நான் ஒரே ஒரு கேள்விதான் கேப்பேன். எது காணாமப் போனா உங்களால தாங்க முடியாது?"

"இதென்ன கேள்வி? கடைதான். லென்ஸ் அறுக்கற மெஷின் இருக்கு. அத்தனை பிரேமும் இருக்கு. வீட்டுல என்ன இருக்கு, திருடிட்டுப் போக?"

மனைவி, காட்சிக்கு நிறுத்தியிருந்த ஒரு கதவின் துளைவழியே அந்தப் பக்கத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கத்தில் சுவர்தான் இருந்தது.

நேற்று இரண்டு இடத்திலும் கதவு பொருத்தினார்கள். கடைக்காரர் பிரேம் வாங்க வெளியூர் போயிருந்தார். இரவு அவர் வந்து தட்டியதும் மனைவி உள்ளேயிருந்து திறந்துவிட்டாள். இருந்த அலுப்பில் அவர் கதவின் முகத்தைக்கூடப் பார்க்காமல் படுத்துவிட்டார்.

இப்போது கைபேசி அடித்தது. கடையில் வேலை பார்க்கும் பெண்.

"சார், நம்ம கடைக் கதவுல காலிங் பெல் இருக்கு."

"கடைக்கு எதுக்கும்மா பெல்?"

"அதான் எனக்கும் தெரியல. வர்றவங்கல்லாம் பெல் அடிச்சிட்டு, செருப்பை வெளியே விட்டுட்டு, 'வரலாமா?'ன்னு கேட்டுட்டு வர்றாங்க. நானும் உக்காரச் சொல்லித் தண்ணி குடுத்தேன். உக்காந்தவங்க சும்மா எழுந்து போக வெக்கப்பட்டுக்கிட்டு ஆளுக்கொரு பிரேம் வாங்கிட்டாங்க."

கடைக்காரருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "அடப்பாவி! மாத்தி மாட்டிட்டுப் போயிருக்கான்!"

கதவுக்காரரைக் கூப்பிட்டால், பின்னால் துளைக்கும் சத்தம் காதைப் பிளந்தது. "ஒரு வேலையில நிக்கறேன் சார், ஒண்ணும் கேக்கல! மத்தியானம் வந்துடறேன். அதுவரைக்கும் எதையும் அமுக்காதீங்க!"

அமுக்காதே என்று சொன்னபிறகு மனிதன் என்ன செய்வான்? கதவில் எண்கள் இருந்தன. அமுக்கினார். 'திறக்கும் நேரம் தள்ளிவைக்கப்பட்டது' என்றது கதவு, இனிமையான குரலில்.

"என்ன நம்பர் போட்டீங்க?" என்றாள் மனைவி.

"கடை திறந்த தேதி."

"நம்ம கல்யாணத் தேதியைப் போட்டுப் பாருங்களேன்."

அவர் யோசித்தார். உத்தரத்தைப் பார்த்து யோசித்தார். பிறகு ஒரு தேதியைப் போட்டார். 'திறக்கும் நேரம் மேலும் தள்ளிவைக்கப்பட்டது.'

"கதவுக்கே கோபம் வந்துடுச்சு பாருங்க" என்றாள் அவள்.

ஜன்னல் வழியாக இறங்கலாமென்றால், போன வருடம் திருட்டுப் பயத்தில் அவரே போட்ட கம்பி குறுக்கே நின்றது. கதவோரம் வேறு வழி இருக்கிறதா என்று ஆணியில் தொங்கிய மழைக்கோட்டை விலக்கப் போனார்.

"அதைத் தொடாதீங்க! இப்பத்தான் துவைச்சு மாட்டினேன்."

"மழையே இல்லையே, இப்ப எதுக்குத் துவைச்சே?"

"மழை வந்தப்புறம் துவைச்சா காயுமா?"

பதில் நியாயமாகத்தான் இருந்தது. மழைக்கோட்டை விட்டுவிட்டு சுத்தியலை எடுத்தார். ஒரே அடிதான். கதவு ஊளையிட ஆரம்பித்தது. தெருநாய்கள் எல்லாம் பதில் சொல்லின. எதிர்வீட்டுக்காரர் துடைப்பத்தோடு ஜன்னலுக்கு ஓடி வந்தார். அவசரத்தில் கண்ணாடியை மறந்துவிட்டிருந்தார்.

"யார்றா உள்ள? சுத்தியலைக் கீழ போடு!"

"நான்தான்யா, கடைக்காரர்!"

"புளுகாதே! கடைக்காரர் இந்த நேரத்துல வீட்டுல இருந்து இந்தத் தெருவே பார்த்ததில்ல!"

"அவர்தாங்க" என்றாள் மனைவி, ஜன்னலருகே வந்து.

"பயப்படாதம்மா. மிரட்டிச் சொல்ல வைக்கிறானா? ஆமான்னா இருமு."

தொண்டையில் சிரிப்பு மாட்டி அவளுக்கு இருமல் வந்துவிட்டது.

"பார்த்தியா! டேய், நீ இந்த வீட்டு ஆளுன்னா சொல்லு, சர்க்கரை டப்பா எங்க இருக்கு?"

கடைக்காரர் சமையலறைப் பக்கம் திரும்பி, திருதிருவென்று விழித்தார். அலமாரியிலா? மேல்தட்டிலா? நிஜத் திருடனாவது நாலு நாள் நோட்டம் விட்டிருப்பான்.

எதிர்வீட்டுக்காரர் ஊரைக் கூட்ட வாயைத் திறந்தார். கடைக்காரர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார். "உமக்கு இடது கண்ணு ஒண்ணே முக்கால்! வலது கண்ணு ரெண்டேகால்! உம்ம சம்சாரத்துக்கு ரெண்டும் சமம்! உம்ம மச்சானுக்குப் பார்வை சரியா இருக்கு, சும்மா ஸ்டைலுக்குப் போடறார்!"

துடைப்பம் தாழ்ந்தது. "அட, கடைக்காரரேதான்! என்ன இது, இந்நேரத்துக்கு வீட்டுல? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

கதவு கத்திக் களைத்து ஓய்ந்தது. எதிர்வீட்டுக்காரரும், மச்சானைப் பற்றிக் கேட்டதைச் சம்சாரத்திடம் உடனே சொல்லப் போய்விட்டார்.

கடைக்காரர் வீட்டுக்குள் அங்குமிங்கும் நடந்தார். ஜன்னல் வெயில் தரையில் ஊர்ந்துபோய் ஒரு நாற்காலியின் காலைத் தொட்டு நின்றது. அந்த நாற்காலியில் மனைவி உட்கார்ந்து செய்தித்தாளைப் பிரித்தாள். தினமும் இந்நேரம் அவள் இங்கேதான் உட்காருவாள் போலிருக்கிறது. எதிரே இன்னொரு நாற்காலி. அதன்மேல் மடித்த துணிகள்.

"ஊர்ல எல்லார் கண்ணும் உங்களுக்கு மனப்பாடம்" என்றாள், தாளைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தபடி.

அப்போதுதான் பார்த்தார். அவள் கண்ணாடியின் ஒரு காலில் திருகாணி இல்லை. நூல் சுற்றிக் கட்டியிருந்தது. வெள்ளை நூல், பழுப்பாகிப்போயிருந்தது.

"இது எப்ப உடைஞ்சுது?"

"உடைஞ்ச அன்னிக்கே சொன்னேனே. 'கடைக்கு வா, பார்க்கலாம்'னீங்க. வந்தேன். கூட்டமா இருந்துச்சு. திரும்பிட்டேன்."

அவர் துணிகளை எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டு எதிர்நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து சின்னத் திருப்புளியும் ஒரு திருகாணியும் எடுத்தார். நூலை அவிழ்த்தார். அவிழ்க்க வெகுநேரம் பிடித்தது, அவ்வளவு இறுக்கமாகச் சுற்றியிருந்தாள். திருகாணியை முடுக்கிக் கண்ணாடியை அவளுக்கு மாட்டிவிட்டார். பிறகு செய்தித்தாளைத் தூரத்தில் பிடித்து, "இந்த வரியைப் படி" என்றார். அவள் படித்தாள். "இதை?" தடுமாறினாள். "இதை?" அவளாக எதையோ சொன்னாள். அது செய்தியில் இல்லை.

"எழுத்து தெரியாம இத்தனை நாளா எப்படிம்மா படிச்சே?"

"தலைப்பு தெரியும். மிச்சத்தை நானே இட்டுக்கட்டிக்குவேன். நிஜத்தைவிட நல்லாவே இருக்கும்."

இருவரும் சிரித்தார்கள். சேர்ந்தாற்போல் சிரித்ததும், இருவருக்கும் லேசாகக் கூச்சமாக இருந்தது. அவள் இரண்டாவது தேநீர் போட எழுந்தாள். அவரும் பின்னாலேயே போனார். சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்று பார்த்துவைத்துக்கொண்டார். இந்தத் தேநீரை உட்கார்ந்து குடித்தார். கடைப்பெண் இரண்டு முறை கூப்பிட்டதை அவர் கவனிக்கவில்லை.

மத்தியானம் கதவுக்காரர் வந்து, வெளியே என்னவோ செய்தார். கதவு ஒரு பெருமூச்சோடு திறந்துகொண்டது. கடைக்காரருக்குத் திடீரென்று தன் கோபம் ஞாபகம் வந்தது.

"என்னய்யா வேலை பாத்திருக்கே? காலையிலேர்ந்து கைதி மாதிரி உள்ள கெடக்கறேன்!"

"ஏன் சார் கெடந்தீங்க?" கதவுக்காரருக்கு நிஜமாகவே புரியவில்லை. "ஆள் இருக்கற வீட்டுல, உள்ளேர்ந்து திறக்கற பிடி வைக்காம நாங்க கதவே மாட்ட மாட்டோமே. எந்த நேரமும் திறக்கலாம். அம்மாவுக்குக் காட்டிட்டுத்தானே போனேன்?" அவர் எட்டி மழைக்கோட்டை விலக்கினார். கொழுகொழுவென்று ஒரு சிவப்புப் பிடி தெரிந்தது.

கடைக்காரர் மெதுவாக மனைவி பக்கம் திரும்பினார். அவள் செய்தித்தாளில் மூழ்கியிருந்தாள். தாள் தலைகீழாக இருந்தது.

"அது... அது இருக்கட்டும்யா. கடைக் கதவு எப்படி இங்க வந்துச்சு? மாறித்தானே போச்சு?"

"மாறலையே சார்! எது காணாமப் போனா தாங்க முடியாதுன்னு அன்னிக்குக் கேட்டேன்ல? அம்மா மறுநாளே போன் பண்ணி, 'எங்க வீட்டுலேர்ந்துதான் தம்பி தினமும் காலையில ஒண்ணு காணாமப் போகுது, கனமான கதவை இங்கயே மாட்டு'ன்னு சொன்னாங்க."