இராஜாங்கத்தின் ஈரக்கை

இராஜாங்கத்துக்கு உள்ளங்கை வேர்க்கும்.

எல்லாருக்கும் வேர்ப்பது மாதிரி இல்லை. வாய்க்கால் மடையைத் திறந்துவிட்ட மாதிரி. மார்கழி மாச விடியற்காலையில் பாபநாசமே போர்வைக்குள் சுருண்டு கிடக்கும்போதும் அவர் கை மட்டும் சித்திரை வெயிலில் நிற்கும். ஆற்றில் தண்ணீர் வராத வருஷம் உண்டு. இராஜாங்கத்தின் கை வற்றின வருஷம் கிடையாது.

ஐயோ பாவம் என்று சொல்லிவிடாதீர்கள். அப்படிச் சொன்னால் நீங்கள் அவருக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்ததில்லை என்று அர்த்தம். அந்தக் கை அவருக்கு நோய் இல்லை, சொத்து. தகப்பனார் வைத்துவிட்டுப் போன நிலத்தையெல்லாம் குத்தகைக்கு விட்டுவிட்டார். கையை மட்டும் சொந்தமாகச் சாகுபடி செய்தார்.

காபி போடச் சொன்னால் பால் சட்டி வழுக்கும். ஸ்கூட்டர் எடுக்கச் சொன்னால் ஹேண்டில்பார் வழுக்கும். துணி உலர்த்தச் சொன்னால், "காஞ்ச துணியே என் கையில நனையுது, நனைஞ்சது எப்படிடி காயும்?" என்பார். ரேஷன் கடை மிஷினில் விரல் வைத்தால் ரேகை விழாது. சீட்டுக்கட்டு மட்டும் அவர் கையில் ஒரு நாளும் வழுக்கினதில்லை. அது ஏன் என்று கேட்டவள் அவர் மனைவி ஆனந்தவல்லி ஒருத்திதான்.

"அது பிளாஸ்டிக் சீட்டு" என்றார். அத்தோடு அந்த விசாரணை முடிந்தது.

ஆனந்தவல்லி கணக்கு டீச்சர். நாலரை மணிக்கு எழுந்து, சமைத்து, துவைத்து, கணவருக்கு வெந்நீர் விளாவி வைத்து, ஒன்பது மணிக்குப் பள்ளிக்கூடம். ஒரே மகள் ஹைதராபாத்தில் வேலை பார்க்கிறாள். வீட்டில் இவர்கள் இரண்டு பேர், வேலை செய்வது இரண்டு கை.

தலைமையாசிரியை பதவி உயர்வு ஆனந்தவல்லிக்கு ஏற்கெனவே இரண்டு தடவை வந்தது. இரண்டும் வெளியூர். இரண்டு தடவையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாள். அப்படி எழுதிக் கொடுப்பதற்கு ஆபீஸில் துறப்பு என்று பேர் வைத்திருக்கிறார்கள். சாமியார்கள் வீட்டை விட்டுப் போவதற்காகத் துறப்பார்கள். ஆனந்தவல்லி வீட்டிலேயே கிடப்பதற்காகத் துறந்தாள்.

மூன்றாவது தடவையும் வந்தது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு உயர்நிலைப் பள்ளி. பதினைந்து நாளில் போய்ச் சேரவேண்டும், இல்லாவிட்டால் துறப்பு. வயசு ஐம்பத்து நாலு. இதை விட்டால் ரிட்டயர் ஆகும்வரை இன்னொன்று வராது.

"நீ போயிட்டா எனக்கு யாரு சோறு வடிக்கிறது?"

"குக்கரு வடிக்கும்."

"மூடி வழுக்குமே வல்லி."

"சனிக்கிழமை சாயங்காலம் வந்துடுவேங்க. அஞ்சாறு நாளைக்குக்கூட முடியாதா?"

இராஜாங்கம் இரண்டு உள்ளங்கையையும் விரித்து நீட்டினார். அதிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது. இருபத்தேழு வருஷமாக அந்த ஒரு சொட்டில்தான் குடும்ப நிர்வாகம் ஓடியது.

எப்போதும்போல இந்தத் தடவையும் ஓடியிருக்கும். பக்கத்து வீட்டு பிரகதீஸ்வரி உறைமோர் கேட்டு அந்த நேரம் பார்த்தா வரவேண்டும்?

"ஏண்ணே, இதுக்கு ஊசி இருக்கே! என் நாத்தனார் மகளுக்குப் பரீட்சைப் பேப்பரே ஊறிப்போவும். தஞ்சாவூர்ல ஹுமைரான்னு ஒரு தோல் டாக்டரம்மா, உள்ளங்கையில ஊசி போட்டாங்க. ஆறு மாசம் பொட்டு வேர்வை இல்ல. இப்ப ஸ்கூட்டி ஓட்டுது!"

வீட்டில் திருடன் புகுந்ததுபோல இராஜாங்கத்துக்குத் திக்கென்றது. கை இன்னும் கொஞ்சம் கூடுதலாக வேர்த்தது.

ஆனந்தவல்லி உறைமோரை ஊற்றிக்கொண்டே கேட்டாள். "அந்த டாக்டரம்மா நம்பர் இருக்கா பிரகதி?"

மூன்றாம் நாள் தஞ்சாவூர். டாக்டர் ஹுமைரா கையைத் துடைத்துவிட்டு ஒரு பழுப்புத் தண்ணீரைத் தடவினார். காய்ந்ததும் வெள்ளை மாவைத் தூவினார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளங்கை முழுக்க கருநீலமாகிவிட்டது.

"இது அயோடின் சார். மேல தூவினது ஸ்டார்ச். வேர்வை இருக்குற எடமெல்லாம் இப்படிக் கறுக்கும். உங்களுக்குக் கறுக்காத எடமே இல்ல."

"பரம்பரைங்க" என்றார் இராஜாங்கம், பட்டா காட்டுகிற மாதிரி.

"கைக்கு அம்பது குத்து. சின்னச் சின்னதாத்தான். ஐஸ் வச்சு மரத்துப்போக வச்சுத்தான் போடுவோம். ஒரு வாரத்துல காஞ்சிடும். சில பேருக்குக் கொஞ்ச நாள் விரல்ல பிடி தளரும், தானா சரியாயிடும். போடுற அன்னிக்கும் இதே மாதிரி தடவிப் பார்த்து, பேனாவால புள்ளி வச்சு, எல்லாத்தையும் சுத்தமாத் துடைச்சிட்டுத்தான் ஊசி."

இதில் 'பிடி தளரும்' வரைக்கும்தான் இராஜாங்கம் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு அவர் அங்கே இல்லை. கைக்கு ஐம்பது என்றால் இரண்டு கைக்கு நூறு குத்து என்று கூட்டிப் பார்த்து மயங்குவதற்குப் பாதி வழி போயிருந்தார். மீதிப் பாதி வழியில்தான் யோசனை உதித்தது. குத்தே வாங்காமல் பிடி மட்டும் தளர்ந்தால்?

நர்ஸ் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துக் கறையைத் துடைத்ததை ஆனந்தவல்லி பார்த்துக்கொண்டிருந்தாள். கணக்கு டீச்சர் அல்லவா, எல்லாவற்றையும் படிப்படியாகப் பார்த்துப் பழக்கம்.

ஊசி போடுவது வியாழக்கிழமை என்று முடிவாயிற்று. "எனக்கு அன்னைக்குப் பரீட்சை டூட்டி. தனியாப் போயிட்டு வந்துடுவீங்களா?" என்று ஆனந்தவல்லி கேட்டபோது இராஜாங்கத்துக்குச் சந்தோஷத்தில் காலும் வேர்த்தது.

"உனக்காகப் போறேன் வல்லி" என்றார். குரல்கூடத் தழுதழுத்தது. அவள் அவரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். பிறகு சட்டைக் காலரைச் சரிபண்ணிவிட்டாள்.

வியாழக்கிழமை தஞ்சாவூருக்குப் போனது நிஜம். டாக்டரிடம் போகவில்லை. பொரித்த பரோட்டா தின்றார். பெரிய கோயில் புல்தரையில் துண்டை விரித்துத் தூங்கினார். எழுந்ததும் ஒரு மருந்துக் கடையில் டிங்சர் அயோடின் பாட்டில் வாங்கி, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நின்று இரண்டு உள்ளங்கையிலும் பூசிக்கொண்டார். ஊசி போட்ட கை என்றால் அடையாளம் வேண்டாமா?

சாயங்காலம் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு, போலீஸிடம் சரணடைகிறவர் மாதிரி வீட்டுக்குள் வந்தார்.

"ஐயோ, ரொம்ப வலிச்சுதாங்க?"

"நூறு குத்து வல்லி. நூறு."

அவள் கண் கலங்கிவிட்டது. இராஜாங்கமே அதை எதிர்பார்க்கவில்லை. அவசரமாக மத்தியானச் சோற்றில் தயிரை ஊற்றித் தட்டில் வைத்துக்கொண்டு வந்தாள்.

அங்கேதான் அவருக்குப் புத்தி போயிற்று. பரோட்டா எப்போதோ ஜீரணமாகிவிட்டிருந்தது. பசி. தட்டைக் கண்டதும் பிடி தளர்ந்த கதையெல்லாம் மறந்து, வலது கையை அப்படியே தயிர்சாதத்தில் வைத்துப் பிசைந்துவிட்டார்.

சோறு கறுத்தது. மல்லிகைப்பூ மாதிரி இருந்த சோறு, இங்க் பாட்டில் கவிழ்ந்த மாதிரி கருநீலமாகிவிட்டது. கையும் மணிக்கட்டுவரை கறுப்பு.



"மருந்து வேலை செய்யுது" என்றார் இராஜாங்கம்.

ஆனந்தவல்லி தட்டை இழுத்துக்கொண்டாள். கையைப் பார்த்தாள். சோற்றைப் பார்த்தாள். கலங்கின கண் காய்ந்துவிட்டது. எந்த ஊசிக்கும் எந்தக் கையும் அவ்வளவு சீக்கிரம் காய்ந்ததில்லை.

"ஆமாங்க. நல்லா வேலை செய்யுது" என்றாள். பிறகு கேட்டாள். "பிடி எப்படி இருக்கு?"

நல்லவேளை, ஞாபகப்படுத்தினாள்! "பிடியா? சுத்தமா இல்ல. விரலே என்னுது இல்லாத மாதிரி இருக்கு."

"அப்ப இனிமே நான் ஊட்டுறேன். நீங்க கையையே அசைக்கக் கூடாது."

மறுநாள் காலை நெய் ஊற்றின பொங்கலை வாயில் வாங்கிக்கொண்டே கேட்டார். "துறப்பு எழுதிட்டியா வல்லி?"

"எழுதிட்டேங்க."

இராஜாங்கத்துக்குப் பொங்கலில் இருந்த முந்திரி இன்னும் கொஞ்சம் இனித்தது.

சுகம் ஒரு நாள்தான். இரண்டாம் நாள் ரிமோட் போயிற்று. "பிடி இல்லாத கைக்கு ரிமோட் எதுக்குங்க? நரம்பு கெட்டுப்போவும்." மூன்றாம் நாள் செல்போன். நாலாம் நாள் சீட்டாட வந்த பக்கீர் முகம்மதுவை வாசலிலேயே நிறுத்தினாள். "அவருக்குக் கை விளங்கல பாய். நீங்க வேணா பக்கத்துல ஒக்காந்து பேசிட்டுப் போங்க."

பாய் வந்து உட்கார்ந்தார். பையில் இருந்த சீட்டுக்கட்டைக் கலைத்துக் கலைத்து அடுக்கினார். இராஜாங்கத்தின் விரல் பத்தும் துடித்தன.

"ஒரு கை போடலாமா மச்சான்?" என்று பாய் மெதுவாகக் கேட்டார்.

"நான்தான் கையில்லாதவனாச்சே" என்றார் இராஜாங்கம். சொல்லும்போது அழுகை வந்தது. அது நடிப்பில்லை.

பகலெல்லாம் காவலுக்குப் பிரகதீஸ்வரியை உட்கார வைத்துவிட்டுத்தான் ஆனந்தவல்லி வெளியே போவாள். பிரகதீஸ்வரி தண்ணீர் புகட்டுவாள், விசிறிவிடுவாள், இராஜாங்கத்தின் மூக்கு அரித்தால் அதையும் துண்டால் துடைப்பாள். ஊரில் அவர் மானம் போன விதம் இதுதான்.

ஏழாம் நாள் கட்டில் பக்கத்தில் ஒரு சூட்கேஸ் முளைத்தது.

"எதுக்கு வல்லி பெட்டி?"

"வீட்டுல இருக்குற பழசையெல்லாம் கழிச்சுக் கட்டுறேங்க."

பெட்டி நாளுக்கு நாள் கனத்தது. இராஜாங்கத்துக்கு உள்ளூர உறுத்தல். ஜிப்பை ஒரு சாண் இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் எப்படி இழுப்பது? விளங்காத கை. எதிரே பிரகதீஸ்வரி.

"பிரகதி, அந்தப் பெட்டியைக் கொஞ்சம் தெறந்து பாரேன்."

"பொம்பளைங்க பெட்டிண்ணே. நீங்களே எந்திரிச்சுத் தெறந்து பாருங்க" என்றாள். சொல்லிவிட்டு அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இராஜாங்கம் கையை மடியில் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தான் கட்டின பொய்க்குள் தானே குடியிருப்பது எவ்வளவு புழுக்கம் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. வாசலில் செந்தில்குமாரின் ஆட்டோ வந்து நின்றது. ஆனந்தவல்லி கஞ்சி போட்ட காட்டன் புடவையில் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"எங்கடி?"

"திருத்துறைப்பூண்டிக்கு. நாளைக்கு டூட்டியில சேரணும்."

"துறப்பு எழுதிட்டேன்னியே!"

"எழுதினேன். கொடுத்தேன்னு சொன்னேனா?"

இராஜாங்கம் பாய்ந்தார். இரண்டு கையாலும் பெட்டியின் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். உடும்புப்பிடி.

ஆனந்தவல்லி அந்தக் கையைப் பார்த்தாள்.

"பிடி நல்லாத்தான இருக்கு. அப்படியே ஆட்டோ வரைக்கும் தூக்கிட்டு வந்துடுங்க."

விட்டால் பெட்டி விழும். விடாவிட்டால் குட்டு உடையும். குட்டு ஏற்கெனவே உடைந்துதான் இருந்தது. தூக்கிக்கொண்டு நடந்தார். பிரகதீஸ்வரி வாசற்படியில் நின்று தாராளமாகச் சிரித்தாள். செந்தில்குமார், "பாத்துண்ணே, கை வழுக்கிடப் போவுது" என்றான்.

பெட்டியைப் பின்சீட்டில் ஏற்றினார். ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரகசியக் குரலில் சொன்னார். "வல்லி, நான் ஊசியே போட்டுக்கல."

"தெரியும்."

"எப்ப தெரியும்?"

"சோறு கறுத்துச்சே, அப்ப. தொடைச்சிட்டுத்தான் ஊசி போடுவாங்க. உங்க கையில மருந்து அப்பிக்கெடந்துச்சு. மறுநாள் டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணினேன். நீங்க அந்தப் பக்கமே வரலைன்னாங்க."

"அப்பவே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? பத்து நாளா ஊட்டி விட்டியே!"

"நீங்களா சொல்லுவீங்கன்னு பார்த்தேன். ஒவ்வொரு வாய்க்கும் பார்த்தேன். வாயத் தெறந்தீங்க, சாப்புடறதுக்கு."

இராஜாங்கம் ஆட்டோக் கம்பியை விடவில்லை. "நாளைக்கே போய்ப் போட்டுக்கறேன் வல்லி. நூறு இல்ல, இருநூறு குத்து வேணாலும் வாங்கிக்கறேன். நீ போகாத."

அவள் புடவைக் கொசுவத்தை ஒதுக்கி ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள்.

"அந்த வியாழக்கிழமை எனக்குப் பரீட்சை டூட்டி இல்லைங்க. நீங்க தனியாப் போவீங்களான்னு பார்க்கத்தான் அப்படிச் சொன்னேன். லீவு போட்டுட்டு வீட்டுல ஒக்காந்துதான் துறப்பு எழுதினேன். எனக்காக நூறு குத்து வாங்கப் போற மனுசன விட்டுட்டு எதுக்குப் போவணும், இருக்குற ஆறு வருசமும் இங்கேயே கெடந்துடலாம்னு கையெழுத்தும் போட்டு வச்சிருந்தேன். தயிர் சோறு எடுக்கப் போனப்பக்கூட அது என் இடுப்புலதான் இருந்துச்சு."

செந்தில்குமார் வண்டியைக் கிளப்பினான்.

"நீங்க மட்டும் நெஜமா ஊசி போட்டுக்கிட்டு வந்திருந்தீங்கன்னா," என்றாள் ஆனந்தவல்லி, "நான் போயிருக்கவே மாட்டேன்."