போம் மாஸ்ரரும் ஓடாத மணிக்கூடும்

அடுத்த வீட்டுக்காரரின் வறுமையைத் தன் சொந்தச் சொத்துப் போலக் கட்டிக் காத்த மனுசன் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அவர்தான் கிளிநொச்சியில் எங்கள் போம் மாஸ்ரர்.

மாஸ்ரர் என்றால் படிப்பித்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். கச்சேரி என்கிற அரசாங்கக் கந்தோரில் கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்தவர். தபால் கந்தோருக்குப் பக்கத்தில் ஓர் அறை, ஒரு மேசை, மைப்போத்தல் இரண்டு. பல்கலைக்கழகம் போகும் பிள்ளைகளுக்குப் போம், அதாவது விண்ணப்பப் படிவம், நிரப்பி அரசாங்க உதவிப் பணம் எடுத்துக் கொடுப்பதற்கென்றே பிறந்தவர் மாதிரி நடந்துகொள்வார். காசு வாங்கமாட்டார். பேச்சு மட்டும் தாராளமாகத் தருவார்.

ஒருமுறை நாயாற்றிலிருந்து ஒரு மீன்பிடிகாரர் மகனுக்காக வந்தார். வருமானம் என்ன என்று கேட்டதும் ஆளுக்கு உசார் வந்துவிட்டது. "போன சோளகக் காத்திலை, மாஸ்ரர், ஒரே வலையிலை வள்ளம் தாழுற அளவு பாரை மீன்!"

"நான் கேட்டது வருமானம், உம்மடை வீரம் இல்லை. வலை வெறுமையா வந்த நாளைச் சொல்லும்."

அந்த மனுசன் கொண்டுவந்த கருவாட்டுப் பொட்டலம் போமிலே பட்டு மணத்தது. வேறு போம் எடுப்போமா என்று அவர் கேட்டதற்கு, "மணக்கட்டும், அப்பதான் கந்தோரிலை இருக்கிறவைக்கு விளங்கும்" என்று மாஸ்ரர் அப்படியே அனுப்பினார். உதவிப் பணமும் வந்தது.

பிள்ளை பிறந்து துடக்குக் கழிக்கிற வீட்டுக்குப் போனாலும் தொட்டிலை எட்டிப் பார்த்து விரலால் கணக்குப் போடுவார். "மூத்தவள் பல்கலைக்கழகத்திலை படிச்சு முடிக்க இவன் போவான், சரி. அடுத்ததுக்கு நாலு வருசம் பொறுங்கோ. ரெண்டும் ஒண்டாப் போனால் தாங்கமாட்டியள்." பிள்ளை பெற்ற தாய் வெட்கத்தில் குசினிக்குள் ஓடிவிடுவா.

இனி என் கதைக்கு வருகிறேன். எனக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. படிப்பு இலவசம், ஆனால் விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் கட்டவேண்டும். அந்த மாரியில் வெள்ளம் வந்து எங்கள் மூன்று ஏக்கர் வயலையும் வழித்துக்கொண்டு போயிருந்தது. உதவிப் பணம் கிடைக்காவிட்டால் நான் வீட்டோடுதான். அது எனக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். ஆனால் அப்பா வடமராட்சியிலிருந்து குடியேற்றக் காணிக்கு வந்தவர். ரோசம் மட்டும் வெள்ளத்தில் போகவில்லை.

"நான் ஏழை எண்டு எழுதப்படாது, மாஸ்ரர்."

"நான் எங்கை எழுதினன்? உன்ரை வயல் எழுதியிருக்கு, தம்பி. கையெழுத்தைப் போடு."

போட்டார். விசாரணைக்கு ஓர் உத்தியோகத்தர் வருவார் என்று மாஸ்ரர் அம்மாவுக்குப் பாடம் எடுத்தார். "பாயைப் போடுங்கோ. வெறும் தேத்தண்ணி குடுங்கோ. சேவல் உயிரோடை முற்றத்திலை நிக்கோணும்." அம்மா எல்லாவற்றுக்கும் ஓம், ஓம் என்றா.

வீட்டுக்கு ஒருவர் வரும்போது வெறும் தேத்தண்ணி கொடுக்க அம்மாவுக்குக் கை வருமா? விசாரணை நாள் காலையில் எங்கள் மண்வீடு மாப்பிள்ளை பார்க்க வருகிற வீடு மாதிரி ஆகிவிட்டது. பிள்ளையின் விசயம் என்று அயலட்டைச் சனம் முழுக்க இரவல் அள்ளிக் கொடுத்தது. நாலு கதிரை, மேசைவிரிப்பு, சுவர் மணிக்கூடு, சங்கக்கடை மனேச்சர் வீட்டு ரேடியோ. சேவல் சட்டிக்குள் கொதித்தது.

உத்தியோகத்தர் வந்தார். ரசித்துச் சாப்பிட்டார். கையைத் துடைத்துவிட்டுப் பேனையை எடுத்து, சுற்றிப் பார்த்துப் பார்த்து எழுதத் தொடங்கினார். இரவல் கதிரையும் ரேடியோவும் எங்கள் சொத்தாகத் தாளில் ஏறின.

"சீவியம் எப்பிடிப் போகுது?" என்று கேட்டார்.

"ஒரு குறையும் இல்லை" என்றார் அப்பா. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து மாஸ்ரர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார், வழியில் காற்றுப் போயிருந்தது. வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்தார். "ஐயோ, நாசமாப் போச்சு!"

நேரே உத்தியோகத்தரிடம் போனார். "ஐயா, ஒருக்கா எழும்புங்கோ." கதிரையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். அடியில் பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் பச்சைப் பெயின்ரில் இருந்தது. "ரேடியோவைத் திருகிப் பாருங்கோ, சத்தம் வராது. மனேச்சர் பற்றரியைக் கழட்டி வைச்சிட்டுத்தான் தந்திருப்பார். இந்த மணிக்கூடு நாலு மணி எண்டுது, இப்ப பகல் பன்னிரண்டு." பிறகு சட்டியைத் திறந்து பார்த்துவிட்டு அம்மாவிடம் திரும்பினார். "பிள்ளை, இந்தச் சேவலையும் கொன்றுபோட்டியளே! உங்கடை சொத்தெண்டு நான் போமிலை எழுதினது இது ஒண்டைத்தான்!"

உத்தியோகத்தருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்பா சிரிக்கவில்லை. முகம் கறுத்துப்போய் நின்றார். மாஸ்ரரை அடித்துவிடுவாரோ என்று பயந்தேன்.

"உங்கடை எண்டு இதிலை என்ன இருக்கு, ஐயா?" என்று உத்தியோகத்தர் மெதுவாகக் கேட்டார்.

அப்பா என் தோளில் கையை வைத்தார். பிறகு, "இவள் மட்டும்தான்" என்றார். "சாப்பாட்டுக் காசு கட்ட என்னட்டை வழியில்லை. ஆனால் இவள் போகோணும்."

அப்பாவின் வாயிலிருந்து 'வழியில்லை' என்ற அந்தச் சொல் வர எவ்வளவு பாடுபட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். வாய் ஓயாத மாஸ்ரர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஓடாத அந்த மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். உத்தியோகத்தர் எழுதிய தாளைக் கிழித்துவிட்டுப் புதுத் தாள் எடுத்தார்.

ஒன்றரை மாதத்தில் கடிதம் வந்தது, உதவிப் பணம் கிடைத்துவிட்டது என்று.

நான் போன அன்று கிளிநொச்சி ஸ்ரேசனுக்கு ஊரே வந்தது. அம்மா அழுதா, அப்பா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். போம் மாஸ்ரர் வாழ்த்தவும் இல்லை, ஒரு நல்ல வார்த்தை சொல்லவும் இல்லை. கோச்சி வெளிக்கிட்ட பிறகுதான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் யன்னலோடு ஓடிவந்தார், அந்த வயதில், செருப்பு ஒன்று எங்கேயோ கழன்றுபோக.

"ரெண்டாம் வருசப் போம் தை மாசம் குடுக்கோணும், பிள்ளை! மறந்திடாதை! தை மாசம்!"

அம்மா அழுதபோதும் அழாத நான், அந்தச் சத்தத்துக்காக வவுனியா வரும்வரை அழுதுகொண்டு போனேன்.